ஜகா வாங்குனது யாரு?

1

நம்ம பாக்ஸிங் க்ளப்போட ஆண்டு மலருக்கு எதுனா எழுதி அனுப்புன்னு சகாயம் நாலு வாட்டி ஃபோன் பண்ணிட்டான். "பதினேழு வருசமா ஜெர்மனில கீற. பனி, ரயிலு, குப்பைத் தொட்டி, எத்தையாவது எழுது மாமு"ன்னான். சுத்தத் தமிழ்லதான் ஆரம்பிச்சேன். 'அன்பார்ந்த ராயபுரம் வாழ் பெருமக்களே'ன்னு ஒரு வரி. அதுக்கு அப்பால பேனா நவுரல. அத்த அடிச்சிட்டு நம்ம பேச்சுலயே எழுதறேன். புடிக்காதவங்களுக்கு அடுத்த பக்கத்துல வெளம்பரம் கீது, அத்தப் படிங்க.

பனியப் பத்தி எழுத எனக்கு இஷ்டம் இல்ல. போன மாசம் சகாயம் பேச்சுவாக்குல ஒண்ணு சொன்னான். டீக்கடைல யாரோ கேட்டாங்களாம்: "தாஸு பொண்ணு ரிங்ல ஏறாம ஜகா வாங்கிச்சே, ஞாபகம் கீதா?" யார்றா அவன்னு கேட்டேன். சகாயம் பேரு சொல்லல. நல்லதாப் போச்சு. சொல்லியிருந்தா டிக்கெட் போட்டு வந்திருப்பேன்.

போன வருசம் இதே சமயம் நீங்க அம்பது பேரு க்ளப்புல டிவி முன்னாடி குந்திகினு என் பொண்ணு ஜெனி சண்டை போடறத பாக்க ரெடியா இருந்தீங்க. அப்ப அதுக்குப் பதினஞ்சு வயசு. ஆனா நீங்க பாத்தது, கைல தண்ணி பாட்டிலோட ரிங் ஓரமா நின்ன ஒரு பொண்ண. அதுவும் ரெண்டு நிமிசம்தான். அப்பால படம் கட்டாயிடுச்சு. அது ஏன் ஓரமா நின்னுச்சு, படம் ஏன் கட்டாச்சு, ரெண்டும் ஒங்க யாருக்கும் தெரியாது. அத்த சொல்றதுக்குத்தான் இது.

2

நான் குடியிருக்கற ஹாம்பர்க்கும் துறைமுகம்தான். காலைல அஞ்சரைக்கு எழுந்து, ஆத்துல படகு புடிச்சு, கப்பல் ரிப்பேர் பண்ற எடத்துக்கு ஃபிட்டர் வேலைக்குப் போறேன். அதே கிரேன், அதே கன்டெய்னர். எண்ணூர் ரோட்டுல நிக்கிற டிரெய்லர் வரிசை மாதிரியே இங்கயும் நிக்கும், ஆனா ஒருத்தனும் ஹாரன் அடிக்க மாட்டான். அதுதான் எனக்கு இன்னும் பேஜாரா கீது. மூணு மணிக்கு வேலை முடியும். அப்பால ஜெனியோட க்ளப்புக்குப் போயி ஓரமா நிப்பேன்.

பதினோரு வயசுல நாந்தான் அத்த அங்க இட்டுகினு போய் சேத்தேன். நம்ம ஆளுங்க இங்க புள்ளைங்கள பியானோவுக்கு அனுப்புறாங்க. நான் ராயபுரத்தான். என் பொண்ணுக்கு மொதல்ல க்ளவுஸுக்கு உள்ள துணி சுத்திக் கை கட்டத் தெரியணும்னேன்.

ஜெனிக்குத் தமிழ் எழுத வராது. ஆனா என்ன நைனான்னுதான் கூப்புடும், அவுங்கம்மா ஸ்டெல்லா கைல "இன்னா கொழம்பு"ன்னுதான் கேக்கும். வாரக் கடைசித் தமிழ் வகுப்புல டீச்சரம்மா, "அப்படிச் சொல்லக் கூடாது, அது கொச்சை"ன்னாங்களாம். அடுத்த வாரம் ஜெனி போகல. நான் திட்டுற மாதிரி திட்டுனேன். உள்ளுக்குள்ள எனக்கு ஒரே குஷி.

ஆனா ஒரு விசயத்துல அது என்ன விட்டுக் குடுத்துடுச்சு. இங்க க்ளப்புல பத்துப் புள்ளைங்களுக்கு ரெண்டு பாட்டிலு. எல்லாம் வாய் வச்சுக் குடிக்கும். நான் மட்டும் அண்ணாந்து ஊத்திக்குவேன். சர்க்கஸ்காரன பாக்கற மாதிரி பாப்பாங்க. "நைனா, ப்ளீஸ், எல்லாரும் பாக்கறாங்க"ன்னுச்சு ஜெனி. அன்னையிலருந்து அதுவும் அவுங்கள மாதிரியே வாய் வச்சுக் குடிக்க ஆரம்பிச்சுடுச்சு. எனக்கு மனசு கஷ்டமாதான் இருந்துச்சு.

3

போன வருசம் நகரப் போட்டிக்கு ஜெனி பேரு வந்துச்சு. அன்னைக்கே நான் சகாயத்துக்கு ஃபோனப் போட்டு, "க்ளப்புல டிவி ரெடி பண்ணு, என் பொண்ணு ஏறுது"ன்னு கத்துனேன். தெருவுல போறவன் வர்றவன் கைலல்லாம் சகாயம் சொல்லி வச்சான். பீலா வுட்டது நான், கூட்டம் சேத்தது அவன்.

போட்டிக்கு ஒரு மாசத்துக்கும் மேல இருக்கறப்ப ஜெனிக்குத் தொண்டை வலி வந்துச்சு. கொஞ்ச நஞ்சம் இல்ல, எச்சி முழுங்கக்கூட முடியல. கழுத்துல ரெண்டு பக்கமும் நெறி கட்டி நெல்லிக்கா சைசுக்கு நின்னுச்சு. ஜுரம் ஏறி ஏறி எறங்குச்சு. ஒரு நாள் ஸ்கூல்லருந்து வந்த புள்ள, ஷூவக் கழட்டக் குந்துனது, அப்படியே கோட்டோட செவுத்துல சாஞ்சு தூங்கிடுச்சு.

இங்க டாக்டர பாக்கறது லேசுல நடக்காது. ஃபோன் பண்ணா, செவ்வாக்கெழமை வாங்கம்பாங்க. அதுக்குத்தான் நம்மகிட்ட பிஸ்கட் டப்பா கீதே. ஒங்களுக்குத் தெரியாதது இல்ல, ஊருலருந்து வர்றவன் எவனும் மாத்திரை இல்லாம வர மாட்டான். மசாலாப் பொட்டணத்துக்கு நடுவுல நம்ம மெடிக்கல் ஷாப்ல சீட்டு இல்லாம வாங்குன அமாக்ஸிசிலின் அட்டை ரெண்டு இருந்துச்சு. தொண்டைன்னா அதுதானே? ஒரு நாளைக்கு மூணுன்னு நானே டாக்டராயி குடுத்தேன்.

நாலாம் நாள் காலைல ஸ்டெல்லா போட்ட சத்தத்துல எதுத்த வூட்டுக்காரங்க கதவத் தொறந்துட்டாங்க. புள்ளைக்கு நெஞ்சுலருந்து மூஞ்சி வரைக்கும் செக்கச் செவேல்னு தடிப்பு. "அம்மை போட்டுடுச்சுங்க! வேப்பெலைக்கு எங்க போவேன்?"ன்னு அழுதா. ஸ்டெல்லா திருவொத்தியூர் பொண்ணு. ஞாயித்துக்கெழமை பூசைக்கு மொத ஆளா நிப்பா, அம்மைன்னா வேப்பெலைதான் தேடுவா. தலைக்குத் தேய்க்க வாங்கி வச்ச வேப்பம்பொடி பாக்கெட்ட எடுத்து ஜெனி தலைமாட்டுல மாதா படத்துக்குப் பக்கத்துல வச்சா. ஜெனி அந்த ஜுரத்துலயும் சிரிச்சுது.

4

செவ்வாக்கெழமைக்கெல்லாம் காத்துகினு இருக்கல. நேரா போயி டாக்டரம்மா வூட்டு வாசல்ல, அதாவது கிளினிக்குல, நின்னோம். ஜெர்மன்லயும் நீ, நீங்க ரெண்டும் உண்டு. பதட்டத்துல எனக்கு எப்பவும் 'நீ'தான் வரும். "நீ மொதல்ல இதப் பாரு"ன்னு டாக்டரம்மாகிட்டயே சொல்லிட்டேன். ஜெனி கண்ண மூடிகினு, "நைனா..."ன்னுச்சு. டாக்டரம்மா கண்டுக்கல. வாயத் தொறக்கச் சொன்னாங்க, கழுத்தத் தடவுனாங்க, "இன்னா மாத்திரை குடுத்த?"ன்னு கேட்டாங்க. அட்டைய நீட்டுனேன். கண்ணாடியக் கழட்டி மேசை மேல வச்சாங்க. அவ்ளோதான், எனக்குத் தெரிஞ்சுபோச்சு, வாங்கிக் கட்டிக்கப்போறேன்னு.

ரத்தம் எடுத்தாங்க, வயித்துல ஸ்கேன் வச்சுப் பாத்தாங்க. அவுங்க சொன்னத நம்ம பேச்சுல சொல்றேன். இது அம்மை இல்ல. ஒரு வைரஸு. எச்சிலாலதான் பரவும். தொண்டை, நெறி, ஜுரம், எல்லாத்துக்கும் மேல அசதி. வைரஸுக்கு அந்த மாத்திரை ஒண்ணும் பண்ணாது. அதோட, இந்த நோய் இருக்கறப்ப அத்த முழுங்குனா நெறைய பேருக்கு இப்படித்தான் ஒடம்பெல்லாம் தடிக்கும். "உன் பொண்ணு மேல வரைஞ்சு வச்சது நோய் இல்ல, நீ"ன்னாங்க. தண்ணி, ரெஸ்ட்டு, ஜுரத்துக்கும் வலிக்கும் பாராசிட்டமால். வேற மருந்து இல்ல. நோயோட பேரு இங்க ஒரு முழ நீளம். 'ஃபைஃபர்ஷெஸ் ட்ரூஸன்ஃபீபர்'னு தமிழ்ல காலண்டர்ல எழுதி வச்சுப் பழகுனேன். இன்னொரு செல்லப் பேரும் உண்டு, முத்த நோய். அத்தக் கேட்டதும் நான் ஜெனியப் பாத்த பார்வை டாக்டரம்மாவுக்குப் புரிஞ்சுடுச்சு. "முத்தம்தான்னு இல்ல, ஒரே பாட்டில்ல குடிச்சாலும் போதும். நாலு, ஆறு வாரத்துக்கு முன்னாடி யார்கிட்டருந்தோ வந்திருக்கும். தேடாத"ன்னாங்க.

நான் வுடுவனா? "எங்க ஊருல நாங்க யாரும் வாய் வச்சுக் குடிக்க மாட்டோம், எங்க ஆளுங்க யாருக்கும் இது வந்ததே இல்ல"ன்னு நெஞ்ச நிமித்துனேன்.

டாக்டரம்மா சிரிச்சாங்க. "வந்திருக்கும். சின்ன வயசுலயே வந்திருக்கும். நெருக்கமா வாழற எடத்துல கொழந்தைங்களுக்கு இது சும்மா ரெண்டு நாள் சளி மாதிரி வந்துட்டுப் போயிடும். யாருக்கும் தெரியாது. பெரிய புள்ளையானப்பறம் மொத வாட்டி வந்தாதான் இப்படிப் போட்டு ஒலுக்கும். சின்னப் புள்ளையில நீ யாரு எச்சிலும் சாப்பிட்டதே இல்லியா?"

நான் யோசிச்சேன். லைன் வூட்டுல பதினொரு குடும்பம். பர்ஃபி வாங்குனா சட்டையில சுத்தி காக்கா கடி கடிச்சு நாலு பேருக்குக் குடுப்போம். துணி நடுவுல இருந்தா எச்சில் இல்லன்னு நம்ம சட்டம். அப்பால க்ளப்பு. அலுமினிய ஜக்குல ஒருத்தன் வாய் பட்டுடுச்சுன்னா, மண்ணப் போட்டு விளக்க வச்சுதான் வுடுவோம். அவ்ளோ சுத்தம். ஆனா பல்லுக்கு மாட்டற கம் ஷீல்டு? மொத்தத்துக்கு மூணு. ஒருத்தன் எறங்குனா கழட்டி, அதே ஜக்குத் தண்ணில ஒரு அலசு அலசி, அடுத்தவன் மாட்டிகினு ஏறுவான். என் கம் ஷீல்டுல பாதி நாள் சகாயம் பல்லு அச்சுதான் இருக்கும்.

டாக்டரம்மா கைல அத்த சொன்னேன். அவுங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சிகினே எனக்குள்ள ஒண்ணு உறுத்துச்சு. கூட்டத்துலருந்து தள்ளி, தனி ரூமு, தனி தட்டு, தனி டம்ளருன்னு சுத்தமா வளத்தேன் புள்ளைய. நம்ம லைன் வூடு எனக்கு ஓசில குடுத்தத அதுக்குக் குடுக்க எங்கிட்ட வழி இல்லாமப் போச்சு.

அப்பால அவுங்க சிரிப்ப நிறுத்திட்டு ஸ்கேன் படத்தக் காட்டுனாங்க. எடது வெலாவுக்குக் கீழ மண்ணீரல்னு ஒண்ணு கீது. இந்த நோயில அது வீங்கும். ஜெனிக்கு நல்லாவே வீங்கியிருந்துச்சு. அடி பட்டா கிழிஞ்சு உள்ளயே ரத்தம் கொட்டும், உசுருக்கே ஆபத்து. "எட்டு வாரத்துக்கு சண்டை கூடாது. நல்லா ஆயிட்ட மாதிரி தெரிஞ்சாலும் கூடாது. மறுபடி ஸ்கேன் பாத்துட்டு நான் சொல்றேன்"னாங்க.

போட்டிக்கு அஞ்சு வாரம் இருந்துச்சு.

5

அசதின்னா இன்னான்னு அந்த மாசம்தான் பாத்தேன். காலைல அஞ்சு மணிக்கு எழுந்து ஆத்தோரமா ஓடற புள்ள, மாடிப்படி ஏற நடுவுல ஒரு வாட்டி குந்தும். சோத்துல கைய வச்சுகினே தூங்கும். ஜுரம் போயி, தடிப்பு போயி, தொண்டையும் சரியாயிடுச்சு. அசதி மட்டும் போவல. பாக்கறவங்களுக்கு சோம்பேறித்தனம் மாதிரி தெரியும். ஸ்கூல்ல ஒரு வாத்தியாரு அப்படியே கேட்டுட்டாரு. ஸ்கூலுக்கு ஒரு சீட்டு, விளையாட்டு வகுப்புக்கு தனியா ஒரு சீட்டு, நான் லீவு போட்டதுக்கு என் கம்பெனிக்கு ஒரு சீட்டு. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டே களைச்சுட்டாங்க.

ஊருக்கு மட்டும் நான் சொல்லல. இன்னான்னு சொல்றது? முத்த நோயின்னா? நம்ம பனைமரத் தொட்டி ஏரியாவத் தாண்டறதுக்குள்ள கதை கட்டி, பொண்ணுக்குக் கல்யாணமே பண்ணி வச்சிருப்பீங்க. சகாயம் கேக்கும்போதெல்லாம், "ஷோக்கா கீது, பிராக்டீஸ் போய்கினு கீது"ன்னேன். அதுதான் நான் செஞ்ச மொத தப்பு.

க்ளப்பு கோச்சுகிட்ட ஜெனி தொண்டை வலின்னு மட்டும் சொல்லி வச்சிருந்துச்சு. நாந்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். ரெண்டாவது.

6

நாலு வாரம் போனதும் ஜெனி மூஞ்சில வெளிச்சம் வந்துச்சு. சிரிச்சுது, சண்டை போட்டுது, அவுங்கம்மாகிட்ட வறுத்த மீனு கேட்டுது. நல்லாயிடுச்சுன்னு நான் முடிவு பண்ணிட்டேன். போட்டிக்கு மூணு நாளைக்கு முன்னாடி க்ளப்புலருந்து மஞ்ச ஃபாரம் வந்துச்சு. பதினெட்டுக்குக் கீழன்னா பெத்தவங்க கையெழுத்து வேணும். நடுவுல ஒரு கேள்வி: கடந்த மூணு மாசத்துல எதுனா நோய் வந்துச்சா? ஆமா, இல்ல, ரெண்டு கட்டம்.

சமையல்கட்டு மேசைல குந்தி, 'இல்ல'ங்கற கட்டத்துல டிக் போட்டேன்.

ஜெனி எதுத்தாப்ல குந்தியிருந்துச்சு. "நைனா, டாக்டர் எட்டு வாரம்னாங்க."

"அவுங்க அப்படித்தான் சொல்வாங்க. நான் நூத்தி ரெண்டு ஜுரத்தோட ஏறி ஜெயிச்சவன். வேணும்னா சகாயத்தக் கேளு."

"ஒனக்கு மண்ணீரல் வீங்கியிருந்துச்சா?"

"அம்பது பேரு டிவி முன்னாடி குந்தப்போறாங்க, தெரியுமா? எட்ட நின்னு ஆடு. எடது மொழங்கைய எறக்கி வெலாவ மூடிக்கோ. மூணே ரவுண்டு."

ஜெனி ஃபாரத்த மடிச்சு பையில போட்டுகினு போச்சு. ஒத்துக்கிச்சுன்னு நெனச்சேன். ஸ்டெல்லா வேலை முடிஞ்சு வந்ததும், "இன்னாச்சு, போட்டி இல்லதானே?"ன்னு கேட்டா. பாக்கலாம்னேன். பொண்டாட்டிகிட்டயும் டபாய்ச்சாச்சு.

7

போட்டி அன்னைக்கு மண்டபத்துல எடம் புடிச்சு, சகாயத்துக்கு வீடியோ கால் போட்டேன். ஃபோன்ல ஒங்க மூஞ்செல்லாம் எனக்குத் தெரியல, சத்தம் மட்டும் கேட்டுச்சு. "ஜெனி! ஜெனி!"ன்னு நீங்க கத்துனது இந்த மண்டபத்துல பாதிப் பேருக்குக் கேட்டுச்சு. எனக்கு ஒடம்பு புல்லரிச்சுடுச்சு.

பேரு படிச்சாங்க. ஜெனி பேரு வரல. அதோட எடைப் பிரிவுல லேனான்னு அதே க்ளப்பு பொண்ணு ஏறுச்சு. அது பின்னாடி, மூலைல, பாட்டிலும் துண்டுமா ஜெனி.

கோச்சு எங்கிட்ட வந்தாரு. அந்த மஞ்ச ஃபாரத்தக் காட்டுனாரு. நான் போட்ட டிக்க கோடு போட்டு அடிச்சிருந்துச்சு. பக்கத்துல 'ஆமா'வுல புது டிக். அதுக்குக் கீழ ஜெனி கையெழுத்துல அந்த முழ நீளப் பேரு, ஒரு எழுத்து தப்பில்லாம. 'மண்ணீரல் வீக்கம். டாக்டர் எட்டு வாரம் வேணாம்னு சொல்லிக்கீறாங்க'ன்னு ஒரு வரி. "எதுத்தாளு வலது கையால வயித்துக்கு அடிக்கறவ. ஒண்ணு போதும், உங்களுக்கே தெரியும்"னாரு கோச்சு. எனக்குத் தெரியும். அந்த எடத்துல அடிச்சு ஜெயிச்சவன்தான் நான்.

போட்டிக்கு மொத நாளே ஜெனி டீம்ல எல்லாரையும் கூப்ட்டு சொல்லிடுச்சாம்: எனக்கு இது வந்துச்சு, நல்லானப்பறமும் எச்சில்ல ரொம்ப நாள் இருக்கும், இனிமே ஒரு பாட்டில்ல நாலு பேரு வாய் வைக்காதீங்கன்னு. 'முத்த நோயா?'ன்னு ரெண்டு பொண்ணுங்க சிரிச்சுதாம். "ஆமா, அதான். சிரிச்சு முடிச்சிட்டீங்களா?"ன்னுச்சாம். நான் ஒரு மாசமா ஊருக்கு மறைச்ச பேர, எம் பொண்ணு ஒரே மூச்சுல சொல்லிடுச்சு.

மொத ரவுண்டு முடிஞ்சு லேனா மூலைல குந்துச்சு. ஜெனி அதும் மொகத்தத் தூக்கி, பாட்டில ஒரு சாண் மேல புடிச்சு, ஒரு சொட்டு வெளிய சிந்தாம வாய்க்குள்ள ஊத்துச்சு.

ஃபோன்ல ஒருத்தர் கொரலு: "இன்னாடா இது, சண்டை போடும்னு பாத்தா தண்ணி ஊத்திகினு கீது?" அதுக்கு சகாயம் கத்துனான்: "டேய், வாய மூடிகினு பாட்டிலப் பாரு! எம்மா ஒசரத்துல கீது பாரு! நம்ம ஊத்துடா அது!"

அங்க நான் எழுந்து நின்னு, எம் பொண்ணுக்கு இன்னா ஆச்சு, அது இன்னா செஞ்சுதுன்னு ஒங்ககிட்ட சொல்லியிருக்கணும். வாய் வரல. செவப்பு பட்டன அமுக்குனேன். நெட்வொர்க் போச்சுன்னு அப்பால சகாயத்துக்கு மெசேஜ் போட்டேன். நெட்வொர்க் நல்லாத்தான் இருந்துச்சு.

8

திரும்பி வர்றப்ப ரயில்ல ஜெனி எம் பக்கத்துல குந்துச்சு.

"ஒனக்கு ஏறணும்னு ஆசை இல்லியா?"ன்னேன்.

"ஒரு வருசம் ஒழைச்சேன் நைனா. ஆசை இல்லாம?" ஜன்னல் பக்கமாத் திரும்பி மூக்கத் தொடைச்சுது.

"அந்த ஃபாரத்த மாத்தறப்ப பயமா இல்லியா?"

"கோச்சுகிட்ட சொல்ல பயம் இல்ல. டீம்கிட்டயும் இல்ல. உங்கிட்டதான். அதான் சொல்லல."

நான் அழுதேன். எதுத்தாப்ல குந்தியிருந்த ஜெர்மன்காரம்மா டிஷ்யூ பாக்கெட்ட நீட்டுனாங்க. வூட்டுக்குப் போயி ஸ்டெல்லாகிட்ட எல்லாத்தையும் ஒப்பிச்சேன். அவ பேசுனத மலர்ல போட முடியாது.

மறு ஸ்கேன்ல மண்ணீரல் பழைய அளவுக்கு வந்துடுச்சு. அசதி மொத்தமா போவ மூணு மாசம் ஆச்சு. அந்த வைரஸு ஆயுசுக்கும் ஒடம்புல படுத்துகினே இருக்குமாம், தொல்லை பண்ணாது. அப்ப எனக்குள்ளயும் கீது, சகாயத்துக்குள்ளயும் கீது, ஒங்கள்ல பாதிக்கு மேலப்பட்டவங்களுக்குள்ளயும் கீது. இப்ப எம் பொண்ணுக்குள்ளயும் கீது.

இந்த வருச மஞ்ச ஃபாரம் நேத்து வந்துச்சு. நான் கட்டத்தத் தொடல. ஜெனி ரொப்பி, படிச்சுக் காட்டுன அப்பறம்தான் கையெழுத்துப் போட்டேன். இப்ப அந்த க்ளப்புல பத்துப் புள்ளைங்களும் அண்ணாந்துதான் குடிக்குதுங்க. பாதித் தண்ணி மூக்குல, மீதி சட்டைல. ஜெனிதான் நின்னு கத்துக் குடுக்குது. அண்ணாந்து குடிச்சா நோயே வராதுன்னு நான் சொல்லல, கம் ஷீல்டு கதை ஞாபகம் இருக்கட்டும். ஆனா அத்தப் பாக்க எனக்கு நெஞ்சு ரெண்டு சுத்து பெருசாவுது.

டீக்கடைல பேசுன வாத்யாரே, ஒனக்குத்தான் இந்தக் கடைசி வரி. அன்னைக்கு அந்த மண்டபத்துல ஒருத்தர் ஜகா வாங்குனது நெசந்தான். அம்பது பேரு இன்னா நெனப்பாங்களோன்னு பயந்து, புள்ள உசுர வச்சு டிக் போட்டு, மாட்டிகிட்டதும் ஃபோன கட் பண்ணிகினு ஓடுனான். அவன் பேரு தாஸு. ஜெனி கடைசி மணி அடிக்கிற வரைக்கும் மூலைய வுட்டு நவுரல.